எந்த வகுப்பில் அமர வைப்பது? மாற்றுத்திறன் மாணவர்களின் வகுப்பறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றுத்திறன் கொண்ட ஒரு குழந்தை எந்த அறையில், யாருக்குப் பக்கத்தில், நாளில் எவ்வளவு நேரம் உட்காரப் போகிறது என்பதைச் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவு செய்கிறார்கள். முதலில் சிறப்பாசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் அந்த மேசையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். பெற்றோரும், புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்த முடிவைத் தலைமையாசிரியர் தனியாக எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. அதேபோல், "குழு பார்த்துக்கொள்ளும்" என்று நழுவவும் கூடாது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளர் கல்விச் சட்ட விதிகளின்படி, பெற்றோர், குழந்தையை நன்கு அறிந்தவர்கள், மதிப்பீட்டு அறிக்கையைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர்கள், என்னென்ன வகுப்பு ஏற்பாடுகள் உள்ளன என்று அறிந்தவர்கள் எல்லோரும் கூடித்தான் இந்த முடிவை எடுக்க வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களிலும் இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. குழந்தை எந்த நேரத்தில் சோர்ந்து போகும் என்பது அம்மாவுக்குத் தெரியும். எந்தப் பாடத்தில் கண்கள் விரியும் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அறிக்கையில் உள்ள எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பது சிறப்பாசிரியருக்குத் தெரியும்.

தலைமையாசிரியரின் பங்கு வேறு வகையானது. கூட்டத்தில் பேசியது நடக்க வேண்டுமானால் பாடவேளை அட்டவணை மாற வேண்டும், ஓர் ஆசிரியரின் பணி நேரம் மாற வேண்டும், ஓர் அறை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு வர வேண்டும். இவை அவர் கையில்தான் இருக்கின்றன. "சிறப்பாசிரியர் வாரம் நான்கு பாடவேளை வகுப்புக்குள் வருவார்" என்று கோப்பில் எழுதிவிட்டு, அட்டவணையில் அந்த நான்கு பாடவேளையையும் குறிக்காமல் விட்ட பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளிகளில் கூட்டம் நடந்தது, முடிவு எடுக்கப்படவில்லை.

எதிலிருந்து தொடங்க வேண்டும்?

குழந்தை என்ன கற்க வேண்டும் என்பதிலிருந்து. அறை கடைசியில்தான் வர வேண்டும்.

ஒரு கூட்டம் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. எட்டு வயதுப் பையன், அறிவுசார் குறைபாடு உண்டு, பேச்சும் தெளிவில்லை. கோப்பைத் திறக்கும் முன்பே ஒருவர் சொன்னார்: "சிறப்பு வகுப்பில் ஓர் இடம் காலியாக இருக்கிறது." அதன்பிறகு பேசியதெல்லாம் அந்தக் காலி இடத்தை நிரப்புவதற்கான நியாயங்கள்தான். இருபது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. நானும் கையெழுத்திட்டேன். ஆண்டு முடிவில் அவனுடைய நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் புள்ளிகளை இணைத்து எழுதிய அதே ஐந்து எழுத்துகள் கடைசிப் பக்கத்திலும் இருந்தன. அவனுக்கு என்ன கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் நடத்திய கூட்டங்களில் பேச்சின் வரிசையை மாற்றினேன். குழந்தை இப்போது எதைச் செய்கிறது, வரும் ஓராண்டில் எதைச் செய்ய வேண்டும், அதற்கு என்ன உதவி வேண்டும், அந்த உதவியை எங்கே கொடுக்கலாம் என்ற வரிசை அது. முதல் மூன்றும் எழுத்தில் வந்த பிறகே அறையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தேன். முதல் மூன்றையும் ஒழுங்காக எழுதிவிட்டால் நான்காவதற்கான பதில் பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும். பல சமயம் அது பொது வகுப்பாகவே இருக்கும். ஒரு குழந்தைக்கென்றே இலக்குகளையும் உதவிகளையும் எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தை முதலில் முடித்து, அதன் அடிப்படையில் இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க விதிகள் வலியுறுத்துவதும் இதனால்தான்.

பொது வகுப்பு, சிறப்பு வகுப்பு, இரண்டே வழிதானா?

இல்லை. இடையில் படிகள் பல உண்டு. முழு நேரமும் பொது வகுப்பில் இருந்து, பாடமுறையில் மட்டும் மாற்றம் பெறலாம். பொது வகுப்புக்குள்ளேயே சிறப்பாசிரியர் வந்து இணைந்து கற்பிக்கலாம். நாளில் ஓரிரு பாடவேளை மட்டும் ரிசோர்ஸ் ரூம் எனப்படும் தனி அறைக்குச் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பலாம். பெரும்பகுதி நேரம் சிறப்பு வகுப்பிலும் சில பாடங்களுக்குப் பொது வகுப்பிலும் இருக்கலாம். இவற்றுக்கு அப்பால் சிறப்புப் பள்ளி, வீட்டிலேயே கல்வி, மருத்துவமனையில் கல்வி என்று போகும்.

இதை ஏணியாக எண்ணிக் கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வரச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். "சிறப்பு வகுப்பில் தயாராகட்டும், பிறகு பொது வகுப்புக்கு அனுப்பலாம்" என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. பொது வகுப்பில் இருப்பதற்கான பழக்கங்கள் பொது வகுப்பில் இருந்தால்தான் வரும். கை தூக்கிப் பேசுவதையும், பக்கத்துப் பையனிடம் ரப்பர் கேட்டு வாங்குவதையும், முப்பது பேர் சேர்ந்து சிரிக்கும்போது தானும் சிரிப்பதையும் ஆறு பேர் மட்டும் உள்ள அறையில் எப்படிக் கற்பது?

மருத்துவச் சான்றிதழில் உள்ள சதவீதத்தை வைத்து முடிவு செய்தால் எளிதாயிற்றே?

எளிதுதான், ஆனால் தவறு. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்ற அளவு, குறிப்பிட்ட சில உரிமைகளையும் சலுகைகளையும் பெறுவதற்கான தகுதி. எந்த அறையில் உட்கார வேண்டும் என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே சதவீதம் கொண்ட இரண்டு குழந்தைகளில் ஒருத்தி புத்தகத்தைத் தானே படிப்பாள், இன்னொருத்திக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

நுண்ணறிவுச் சோதனை எண்ணும் இப்படித்தான். கலிபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகளை அந்தச் சோதனை மதிப்பெண்ணை வைத்து மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளுக்கு அளவுக்கு மீறி அனுப்பினார்கள். லாரி பி. வழக்கு என்று அறியப்படும் வழக்கில் 1979இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வழக்கத்துக்குத் தடை விதித்தது. சோதனை அந்தக் குழந்தைகளின் மொழிக்கும் சூழலுக்கும் ஏற்றதாக இல்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்று வளரும் குழந்தைகளை மதிப்பிடும்போது இந்த வழக்கை ஒவ்வொரு தலைமையாசிரியரும் நினைத்துக்கொள்வது நல்லது.

சட்டங்கள் என்ன சொல்கின்றன?

நாட்டுக்கு நாடு வேறுபடும், ஆனால் திசை ஒன்றே. 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, எல்லா நிலைகளிலும் உள்ளடக்கிய கல்வி முறையை உறுதிசெய்யும்படி நாடுகளைப் பணிக்கிறது. அதற்கு முன்பே 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகள், வேறு வழியில்லாத காரணம் இருந்தாலொழிய எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளிகளில் சேர்க்க வேண்டும் என்று அறிவித்தார்கள்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி வைத்த கொள்கை, கட்டுப்பாடு மிகக் குறைந்த சூழல் என்பது. துணைக் கருவிகளும் சேவைகளும் கொடுத்த பிறகும் பொது வகுப்பில் திருப்தியாகக் கற்பிக்க இயலாது என்ற நிலை வந்தால்தான் குழந்தையை அங்கிருந்து வெளியே எடுக்கலாம். இந்தியச் சட்டம், 40 சதவீதமும் அதற்கு மேலும் மாற்றுத்திறன் உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விரும்பிய இடத்தில் இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. இத்தாலி 1977இல் 517ஆம் எண் சட்டத்தால் சிறப்பு வகுப்புகளையே நீக்கி, துணை ஆசிரியர்களைப் பொது வகுப்புக்குள் கொண்டுவந்தது.

பொது வகுப்பில் இயலாது என்று எப்போது சொல்லலாம்?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கவனமாக எழுத விரும்பும் பதில் இது. "முயன்று பார்த்தோம், முடியவில்லை" என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் நான் அடுத்து கேட்பது: என்ன முயன்றீர்கள், எத்தனை வாரம், யார் செய்தார், என்ன பதிவு இருக்கிறது? குழந்தையை வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார வைத்து, வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்ததை முயற்சி என்று சொல்ல முடியாது.

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ரேச்சல் ஹாலண்ட் என்ற சிறுமியின் வழக்கு இதற்கு நல்ல அளவுகோலைத் தந்தது. அவளுக்கு அறிவுசார் குறைபாடு. முழு நேரமும் பொது வகுப்பில் இருக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். பாடங்களுக்குச் சிறப்பு வகுப்பு, ஓவியம், இசை, உணவு இடைவேளை ஆகியவற்றுக்குப் பொது வகுப்பு என்றது கல்வி மாவட்ட நிர்வாகம். அதன்படி நடந்தால் அவள் ஒரு நாளில் குறைந்தது ஆறு முறை அறை மாற வேண்டியிருக்கும். ஓர் அறையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து, மனம் ஒன்றும் நேரத்தில் எழுந்து, நடைபாதையைக் கடந்து, மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்ட இன்னோர் அறைக்குள் நுழைவதை ஒரு நாளில் ஆறு முறை செய்ய வேண்டும். பெரியவர்களுக்கே அது தாங்காது.

1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. அது நான்கைப் பார்த்தது: உதவிகளோடு பொது வகுப்பில் இருப்பதால் கிடைக்கும் கல்விப் பயன், நட்பு, பேச்சு, தன்னம்பிக்கை போன்ற பிற பயன்கள், ஆசிரியர் மீதும் மற்ற மாணவர்கள் மீதும் ஏற்படும் விளைவு, செலவு. வேறு நாட்டில் இருப்பவர்களும் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே தங்களிடம் உள்ள சான்றைக் குறித்துப் பார்க்கலாம். எதற்கு நேரே "தோன்றுகிறது", "இருக்கலாம்" என்ற சொற்கள் மட்டும் வருகின்றனவோ, அங்கே இன்னும் வேலை பாக்கி.

இரண்டு காரணங்களை ஏற்கவே கூடாது. ஒன்று, "வகுப்பின் பாடத்திட்டம் அளவுக்கு இவனால் எட்ட முடியாது" என்பது. பாடத்தை மாற்றித் தர வேண்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு குழந்தையை அதன் வயதொத்த வகுப்பிலிருந்து நீக்கக் கூடாது என்று அமெரிக்க விதி வெளிப்படையாகவே சொல்கிறது. எல்லோரும் நீரின் சுழற்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதும்போது, இவன் ஆவி, மேகம், மழை என்ற மூன்று படங்களை வரிசைப்படுத்தினால் போதும், இருவரும் ஒரே பாடத்தில்தான் இருக்கிறார்கள். மற்றொன்று, "எங்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லை" என்பது. அதற்குத் தீர்வு பயிற்சி கொடுப்பது. குழந்தையை மாற்றுவது அதற்குத் தீர்வாகாது.

ஏற்க வேண்டிய காரணங்களும் இருக்கின்றன. ஒலியும் கூட்டமும் தாங்காமல் ஒரு குழந்தை நாள் முழுவதும் நடுக்கத்திலேயே இருந்தால், நாற்பது பேர் நடுவில் நிறுத்தி வைப்பது கொடுமை. அடிப்படை வாசிப்பைத் தொடர்ச்சியாக, தினமும், சிறு குழுவில் கற்பிக்க வேண்டிய, டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமம் உள்ள மாணவனுக்கு, அந்த ஒரு பாடவேளையைத் தனியறையில் கொடுப்பது அவனுக்குச் செய்யும் நன்மை. அப்போதும் எந்தப் பாடத்திலிருந்து அவனை எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். விளையாட்டுப் பாடவேளையிலிருந்து எடுக்காதீர்கள். வாரம் முழுக்க அவன் நிமிர்ந்து நிற்பது அந்த ஒரு பாடவேளையில்தான் என்று இருக்கக்கூடும்.

மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடாதா?

நேர்மையான கேள்வி, கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். மாற்றுத்திறன் கொண்ட குழந்தை வகுப்பில் இருப்பதாலேயே படிப்பு கெடுவதில்லை. உதவி இல்லாத ஆசிரியர் இருந்தால் எல்லோருடைய படிப்பும் கெடும். படியாகப் பிரித்துச் சொன்ன விளக்கம், பலகையில் எழுதி வைத்த அன்றைய வேலை வரிசை, படத்தோடு சேர்ந்த சொற்கள் போன்றவை ஒரு குழந்தைக்காகக் கொண்டுவரப்பட்டு, வெட்கத்தால் சந்தேகம் கேட்காத பத்துப் பேருக்குப் பயன்பட்டதை வகுப்பு வகுப்பாகக் கண்டிருக்கிறேன்.

குழந்தையின் நடத்தை வகுப்பைக் குலைக்கிறது. அப்போதும் அங்கேயே வைத்திருக்க வேண்டுமா?

முதலில் நடத்தை எப்போது, எங்கே, எதற்கு முன்பு வருகிறது என்று எழுதி வையுங்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பையன் நாள்தோறும் பெஞ்சைத் தள்ளிவிட்டு ஓடுகிறான் என்று புகார் வந்தது. சிறப்பு வகுப்புக்கு மாற்றும் தாள் என் மேசைக்கு வந்துவிட்டது. இரண்டு வாரம் நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். ஓட்டம் எல்லாம் பாடவேளை மாறும் நொடியில்தான் நடந்தது. பிறகு நான் போய் அவன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளி மணி அந்த வகுப்பின் சன்னலுக்கு நேர் வெளியே தொங்கியது. அவனுக்குப் பின்னால் ஆறடிகூட இருக்காது. எனக்கே தோள்கள் குலுங்கின. அதே வகுப்பின் இன்னொரு பிரிவு நடைபாதையின் மறுகோடியில் இருந்தது. அங்கே மாற்றினோம். மணி அடிக்கும் முன் ஆசிரியர் அவன் மேசையில் ஒரு சிவப்பு அட்டையை வைப்பார், அவன் காதைப் பொத்திக்கொள்வான். பெஞ்சு அதன் பிறகு விழவில்லை.

எல்லாம் இப்படி அழகாக முடிவதில்லை. அடிப்பதும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் தொடரும்போது, எல்லோருடைய பாதுகாப்புக்காகவும் சில காலம் வேறு ஏற்பாடு தேவைப்படலாம். அந்த ஏற்பாட்டைத் தண்டனையாக ஆக்கிவிடக் கூடாது. அமெரிக்காவில், ஒழுங்கு நடவடிக்கையாக ஒரு மாணவனைத் தொடர்ந்து 10 பள்ளி நாட்களுக்கு மேல் அப்புறப்படுத்த நினைத்தால், அந்த நடத்தை அவனுடைய குறைபாட்டின் வெளிப்பாடா என்று முதலில் ஆராய்ந்தாக வேண்டும். ஒவ்வொரு நாளும் "அழைத்துப் போங்கள்" என்று வீட்டுக்குத் தொலைபேசி செய்யும் பள்ளிகள், இந்த ஆராய்ச்சியைத் தவிர்த்துக்கொண்டே குழந்தையை மெல்ல வெளியேற்றுகின்றன. அது மனத்தை வருத்தும் செயல்.

கூடவே ஓர் உதவியாளரை அமர்த்தினால் போதுமா?

போதாது. சில நேரம் கெடுதலும் ஆகும். குழந்தைக்கும் வகுப்புக்கும் இடையில் ஒரு பெரியவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தால், மற்ற பிள்ளைகள் அவரிடம்தான் பேசுவார்கள். ஆசிரியரும் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுவார். கழிப்பறை, உணவு, இடமாற்றம் ஆகியவற்றுக்கு உதவியாளர் தேவையென்றால் அந்த நேரங்களை எழுதி ஒதுக்குங்கள். மற்ற நேரங்களில் அவர் வகுப்பு முழுவதற்கும் உதவட்டும், பாடத்தை ஆசிரியர் நடத்தட்டும்.

பொது வகுப்பு என்று முடிவாகிவிட்டது. எந்தப் பிரிவு, எந்த ஆசிரியர் என்பதை எப்படிப் பார்ப்பது?

இதில்தான் தலைமையாசிரியரின் கண் தேவை. "பொறுமைசாலி ஆசிரியர்" என்று பெயரெடுத்த ஒருவரிடமே ஆண்டுதோறும் எல்லாக் குழந்தைகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மூன்றாம் ஆண்டில் அவரும் தளர்ந்துவிடுவார், அந்தப் பிரிவுக்கும் ஒரு முத்திரை விழுந்துவிடும். பிரிவுகளில் பரவலாகச் சேர்ப்பதுதான் முறை. ஆனால் பள்ளியில் ஒரே ஒரு சிறப்பாசிரியர் இருந்தால், ஐந்து பிரிவுகளுக்கு அவர் ஓடி எதையும் முழுமையாகச் செய்ய முடியாது. அப்போது ஒரு வகுப்பில் இரண்டு பிரிவுகளை மட்டும் தேர்ந்து, அவரை அந்த இரண்டிலும் இணைந்து கற்பிக்கச் செய்வேன். இதற்கு நான் கண்ட வழி அவ்வளவே, குறையுள்ளதுதான்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டத்தைவிட, அவர் வகுப்பு நடத்தும் விதத்தைப் பார்ப்பேன். நாளும் ஒரே ஒழுங்கில் வகுப்பைத் தொடங்குகிறாரா, தவறான பதில் வந்தால் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பேன்.

கட்டடம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளர் உரிமைப் போராளி ஜூடி ஹியூமன், போலியோவால் பாதிக்கப்பட்டு ஐந்து வயதில் நியூயார்க்கின் புரூக்ளினில் பள்ளியில் சேரப் போனபோது, அவருடைய சக்கர நாற்காலி தீ விபத்தின்போது ஆபத்தாகிவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதே பெண் 1993இல் அமெரிக்கக் கல்வித் துறையில் சிறப்புக் கல்விக்கான உதவிச் செயலர் ஆனார். மாடியில் வகுப்பு என்பதால் ஒரு குழந்தையைச் சேர்க்க மறுக்க நினைக்கும் தலைமையாசிரியர், வகுப்பைக் கீழே கொண்டுவர முடியுமா என்று முதலில் பார்க்கட்டும். பெரும்பாலும் முடியும், இரண்டு அறைகளின் பெயர்ப்பலகையை மாற்றி மாட்டினால் வேலை முடிந்துவிடும்.

காது கேளாத குழந்தைக்கும் இதே அணுகுமுறைதானா?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சைகை மொழியில் பேசும் குழந்தையை, சைகை தெரிந்தவர் ஒருவரும் இல்லாத பொது வகுப்பில் அமர வைத்தால், நாற்பது பேர் நடுவில் அது தனிமைச் சிறை. எல்லோரையும் பொதுப் பள்ளிக்கு அழைத்த அதே சலமன்கா அறிக்கை, காது கேளாத, காதும் கண்ணும் இயங்காத குழந்தைகளுக்கு அவர்களின் தொடர்புத் தேவை காரணமாகச் சிறப்புப் பள்ளியோ சிறப்புப் பிரிவோ பொருத்தமாக இருக்கலாம் என்றும் சொன்னது. ஐ.நா. உடன்படிக்கையும், அந்தக் குழந்தைக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் தொடர்பு முறையிலும் கல்வி இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே கேட்க வேண்டியது: இந்த அறையில் இவளோடு இவள் மொழியில் பேச யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லையென்றால் கொண்டுவாருங்கள். கொண்டுவர முடியாதென்றால், மொழி இருக்கும் இடத்துக்கு அவளை அனுப்புங்கள்.

பணமும் இல்லை, ஆளும் இல்லை. இலட்சியம் பேசி என்ன பயன்?

இந்தக் கேள்வியைக் கேட்ட தலைமையாசிரியர்களின் களைப்பு எனக்குத் தெரியும். நானும் அந்த நாற்காலியில் இருந்தேன். ஆனாலும் இரண்டை வேறுபடுத்தச் சொல்வேன். "இந்தக் குழந்தைக்கு இந்த உதவி தேவை" என்பது ஒன்று, "அது எங்களிடம் இப்போது இல்லை" என்பது வேறொன்று. இல்லை என்பதற்காகத் தேவை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். தேவையை அப்படியே எழுதி, இல்லாததையும் அதன் அருகில் எழுதி, மேலதிகாரிக்கு அனுப்புங்கள். எழுத்தில் இல்லாத தேவைக்கு நிதி ஒருநாளும் வராது. அதற்குள் செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. சிறப்பாசிரியரும் வகுப்பாசிரியரும் வாரம் ஒரு பாடவேளை சேர்ந்து உட்கார்ந்து திட்டமிட நேரம் ஒதுக்குவது அவற்றில் முதலாவது.

பள்ளியின் முடிவைப் பெற்றோர் ஏற்கவில்லை என்றால்?

பெற்றோருக்குச் சொல்கிறேன்: முடிவு எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள், காரணங்களோடு. என்னென்ன மாற்று ஏற்பாடுகளைப் பரிசீலித்தார்கள், ஏன் தள்ளினார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். கையெழுத்திட அன்றே அவசரப்படுத்தினால், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

பெற்றோரே சிறப்பு வகுப்பைக் கேட்பதும் உண்டு. பொது வகுப்பில் கேலிக்கு ஆளாகி, நாளும் அழுதுகொண்டு வீட்டுக்கு வரும் குழந்தையின் தாயிடம் உள்ளடக்கிய கல்வியின் பெருமையைப் பேசாதீர்கள். கேலியை நிறுத்துங்கள். பிறகு பேசலாம்.

ஒருமுறை முடிவு செய்தால் அதுவே நிலையா?

இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பப் பார்க்க வேண்டும், அமெரிக்காவில் அது விதி. முழுமையான மறுமதிப்பீடு அங்கே மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். என் பழக்கம், புதிய இடத்துக்கு மாற்றிய ஆறாவது வாரத்திலேயே ஒரு சிறு கூட்டம் வைப்பது. சிறப்பு வகுப்புக்கு அனுப்பும்போதே, எது நடந்தால் திரும்பப் பொது வகுப்புக்கு வருவான் என்பதை அந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். அந்த வரி இல்லாமல் போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முடிவு சரியானதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நோட்டைப் பாருங்கள், முன்னேற்றம் அதில் தெரிய வேண்டும். 2017இல் என்ட்ரூ எஃப். என்ற மாணவனின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னதும் அதுதான்: பெயரளவில் சிறிது பயன் கிடைத்தால் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்தை எதிர்பார்க்கும் வகையில் திட்டம் இருக்க வேண்டும்.

அடுத்து, உணவு இடைவேளையில் போய்ப் பாருங்கள். யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. அவன் வராத நாளில் "அவன் ஏன் வரவில்லை?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் விசாரியுங்கள்.

குழந்தையிடமே கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். பேச்சு வராத குழந்தையிடமும் படங்களைக் காட்டிக் கேட்கலாம், எந்த அறைக்குப் போகும்போது கால் பின்வாங்குகிறது என்று பார்க்கலாம்.

பார்வைக் குறைவுள்ள ஒரு பன்னிரண்டு வயது மாணவியை நாங்கள் ஆண்டு முழுவதும் முதல் வரிசையில் நடுவில் அமர வைத்திருந்தோம். சரியானதைச் செய்கிறோம் என்ற நிறைவு எங்கள் எல்லோருக்கும் இருந்தது. மறுஆய்வுக் கூட்டத்தில் முதல் முறையாக அவளை உள்ளே அழைத்து, உனக்கு எங்கே உட்கார விருப்பம் என்று கேட்டோம். சிறிது நேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "முதல் வரிசையில் இருந்தாலும் பலகை தெரியவில்லை சார். சன்னல் வெளிச்சம் பலகையில் விழுந்து பளபளக்கிறது. என் தோழி மூன்றாம் வரிசையில் இருக்கிறாள்." அதுவரை ஒரு முறைகூட அதை அவள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

மறுநாள் முதல் அவள் மூன்றாம் வரிசையில், சுவரோரமாக, தோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆசிரியர் பலகையில் எழுதப்போவதைப் பெரிய எழுத்தில் முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுத்தார். நாளுக்கு இரண்டு தாள் ஆயிற்று.